ஒரு மதில், மூன்று மண்

பாபநாசம்,
ஐப்பசி 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் நான் ஊர் திரும்பிய மறுநாளே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு மழைதான் காரணம். மூன்று நாள் விடாமல் கொட்டியதில், நட்டுப் பத்து நாளான சம்பா முழுகிவிட்டது. வடிகாலை வெட்டிவிட்டுத் தண்ணீர் இறங்கி, பயிர் நுனி தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடை, இன்னும் மோசமாக இருக்கும். எப்படி இருக்கிறது என்று எழுது. தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலையா?

பையன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். பேரனுக்கு நடை வந்துவிட்டது. தமிழில் தெளிவாகச் சொல்கிற ஒரே வார்த்தை 'தண்ணி'. மற்றதெல்லாம் நேரில் பேசுவோம். உங்கள் மேட்டுத் தாக்கில், அந்த மேட்டு வயலில், 3 அடி மண்ணைச் செங்கல் சூளைக்குக் கொடுக்கலாம் என்று உன் தம்பி சொல்வதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. ஏன் என்று சொல்வதற்கு, நான் அங்கே பார்த்த ஒரு திராட்சைத் தோட்டத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பிரான்சில் பையன் இருக்கும் திஜோன் நகரத்திலிருந்து தெற்கே காரில் அரை மணி போனால் வூழோ என்று சின்ன ஊர். பர்கண்டி சிவப்பு ஒயினுக்குப் பேர்போன சரிவு அது. அங்கே குளோ த வூழோ என்ற தோட்டம், சுற்றிலும் கல் மதில். சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஏறக்குறைய 50 ஹெக்டேர், நம் கணக்கில் 19 வேலி. 1889 வரை ஒரே கையில் இருந்திருக்கிறது, பிறகு பாகம் பிரிந்து பிரிந்து இன்று 80 பேர் வரை பங்கு வைத்திருக்கிறார்கள். எல்லாரும் வளர்ப்பது ஒரே ரகம், பினோ நுவார். மேலே பெய்யும் மழையும் ஒன்றுதான். ஆனால் மதிலுக்குள் மேல்பக்கத்து ஒயினும் கீழே சாலையோரத்து ஒயினும் ஒன்றில்லை என்று அந்த ஊரே சொல்கிறது.

நான் போனது ஆவணியில், காய் கறுத்துப் பழுக்கும் சமயம். மேலேயிருந்து கீழே நடந்தே வந்தேன். மேலே மண் கைப்பிடி ஆழம்தான், வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல் சில்லு, செருப்பில் ஒன்றும் ஒட்டவில்லை. நடுவில் களிமண் கலந்தது. கீழே இறங்க இறங்கக் களி கனத்து, முந்தைய நாள் தூறலுக்கே காலில் அப்பிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு நடந்திருந்தால் நம்ம ஊர் வரப்பு என்றே நினைத்திருப்பேன். அங்கே வேலை செய்கிற பெரியவர் ஒருவர் மேல் வரிசையிலிருந்து ஒரு பழமும் கீழ் வரிசையிலிருந்து ஒரு பழமும் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். மேலே உள்ளது சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு, கீழே உள்ளது அதைவிட நன்றாக உருண்டிருந்தது. இரண்டையும் நசுக்கச் சொன்னார். சாறு வெளிறித்தான் இருந்தது. தோலைக் கட்டைவிரலில் தேய்த்த பிறகுதான் சிவப்பு ஏறியது. சின்னப் பழம் என்றால் சாறு குறைவு, அந்தக் கணக்கில் தோல் அதிகம். ஒயினின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் அந்தத் தோலிலிருந்து வருவதுதான்.

பழம் ஏன் சின்னதாகிறது? தண்ணீரால்தான், சேகர். அங்கே யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை, மழைதான். மேல்சரிவில் மழை நிற்காமல் வடிந்துவிடும். வேர் பாறை வெடிப்புக்குள் இறங்கித் தேடும், சுண்ணாம்புப் பாறை தேக்கிய ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். அந்த லேசான தாகத்தில் கொடி தழைப்பதை நிறுத்திக்கொண்டு பழத்தைக் கவனிக்கிறது. கீழே ஈரம் தங்குகிறது, மண் குளிர்ந்தே கிடக்கிறது. கொடி இலையும் தண்டுமாகப் போய்க்கொண்டே இருக்கும், பழம் பருத்துச் சாறு நீர்த்து, பழுக்கவும் நாளாகும். கல்லின் ருசி வேர் வழியாக ஏறி ஒயினுக்கு வருகிறது என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. கல் செய்வது தண்ணீரை அளந்து கொடுக்கிற வேலை. பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான போர்தோவில் ழெரார் செகன் என்ற ஆய்வாளர் நல்ல தோட்டங்களின் மண்ணை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, அதிலுள்ள சத்தைவிட அது தண்ணீரை எப்படி நடத்துகிறது என்பதுதான் முக்கியம் என்ற முடிவுக்கு வந்தார். முப்பது வருஷம் மண் மாதிரி எடுத்தவன் நான். தழை, மணி, சாம்பல் என்று மூன்று சத்தைத்தான் பார்த்தேன். இதைப் படித்த அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

நான் குடிக்கிறவன் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் இரண்டு கோப்பை ஊற்றி வைத்தபோது வாய் வைத்துப் பார்த்தேன். ஒரே வருஷம், ஒரே கை செய்தது. கீழ்மண்ணுடையது கனமாக, சட்டென்று முடிந்துபோனது. மேல்மண்ணுடையது மெலிசு, ஆனால் விழுங்கிய பிறகும் நாக்கில் நின்றது. நம் வெற்றிலை நினைவு வந்தது. ராஜகிரி படுகையிலிருந்து விதைக்கொடி கொண்டுபோய் உன் கொல்லையில் அகத்தி போட்டு ஏற்றினோமே. கொடி அதேதான், ஆனால் இலை தடித்து, காரம் ஏறி, உன் அம்மா ஒரு வாய் மென்றுவிட்டுத் துப்பினார்கள். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அந்தக் கொல்லைதான் கண்ணில் வந்தது. இடத்தின் இந்தக் குணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் டெர்வார் என்கிறார்கள். நாம் 'மண்வாகு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

களி என்றாலே மட்டம் என்று நினைத்துவிடாதே. போர்தோ பக்கம் பெத்ருஸ் என்ற தோட்டம், 11 ஹெக்டேர் சொச்சம், மெர்லோ ரகம், முழுக்க நீலக் களி. மழையில் உப்பி வாயை அடைத்துக்கொள்கிற களி. அதற்கு மேல் பெய்கிற தண்ணீர் வழிந்து ஓடிவிடும், மழையில்லாத காய்ச்சலில் உள்ளே பிடித்த ஈரத்தைச் சிறுகச் சிறுகக் கொடுக்கும். ஒயின் உலகில் மிக உயர்ந்த விலைக்குப் போகிறவற்றில் அதுவும் ஒன்று. மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கிற களியை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் பள்ளத் தாக்கு அதுதானே?

இப்போது மேட்டுத் தாக்குக்கு வருகிறேன். வூழோவுக்குப் பக்கத்திலேயே ரொமானே கோந்தி என்ற தோட்டம், 1.8 ஹெக்டேர், அதாவது பதின்மூன்று மா சொச்சம். வேரைத் தின்னும் பூச்சியால் கொடிகள் நலிந்து, 1945 அறுவடையோடு அத்தனையையும் பிடுங்கிவிட்டார்கள். புதிதாக நட்டு, அடுத்த ஒயின் வந்தது 1952-இல். அந்தத் தோட்டத்தின் பேர் இன்றுவரை குறையவில்லை. கொடி போனது, இடம் இருந்தது. அந்தச் சரிவில் பெருமழைக்கு மேல்மண் கீழே இறங்கிவிட்டால் திரும்ப மேலே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். தன் அப்பா குளிர்காலம் முழுக்க முதுகில் கூடை கட்டி மண் சுமந்ததை அந்தப் பெரியவர் குனிந்தே காட்டினார். அவர் குனிந்து நின்றபோது உன் அப்பா அதே மேட்டுத் தாக்கில் வண்டி வண்டியாக ஏரி வண்டல் அடித்தது ஞாபகம் வந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் வண்டிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு போவோம்.

மேடு என்பதால் தண்ணீர் ஏறவில்லை என்கிற தம்பியின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் பள்ளம் முழுகிய வருஷமெல்லாம் உங்கள் வீட்டுக்கு நெல் வந்தது அந்த மேட்டிலிருந்துதான். 3 அடியை எடுத்துவிட்டால் அடியில் உவர் இருக்கிறதா, மணல் இருக்கிறதா என்றுகூட நாம் பார்க்கவில்லை. தை அறுப்பு முடிந்ததும் நான் வருகிறேன். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, இடுப்பளவு குழி வெட்டி மூன்று பேரும் இறங்கிப் பார்ப்போம். தம்பியிடம் நானே பேசுகிறேன். அதுவரை சூளைக்காரரிடம் அட்வான்ஸ் மட்டும் வாங்கிவிடாதே.

கடப்பாரை உன் வீட்டில் இருக்கிறதா, இல்லை நான் கொண்டுவரட்டுமா என்று எழுது.

அன்புடன்,
வைத்தி