போஸ்வொர்த் வயல்களுக்குச் சட்டக் காவல் வேண்டும்

பிரித்தானியப் பண்பாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கும் இங்கிலாந்தின் வரலாற்றுச் சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். இங்கிலாந்தின் பழைய போர்க்களங்களைத் தேடிச் சென்று பார்ப்பவன் என்ற முறையில், அவற்றின் மண்ணுக்குச் சட்டப் பாதுகாப்பு கோரி இம்மடலை எழுதுகிறேன்.

லெஸ்டர்ஷயரில் உள்ள போஸ்வொர்த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1485 ஆகஸ்ட் 22 அன்று மூன்றாம் ரிச்சர்ட் அங்கே, தம் அரியணைக்கு உரிமை கோரிய ஹென்றி டியூடரின் படையோடு பொருது மாண்டார். போர்க்களத்தில் உயிர்விட்ட கடைசி இங்கிலாந்து மன்னர் அவரே. போர் நடந்தது ஆம்பியன் குன்றில்தான் என்று நெடுங்காலம் நம்பப்பட்டதால், பார்வையாளர் மையமும் அங்கேயே அமைந்தது. 2005இல் தொடங்கி, மெட்டல் டிடெக்டர்களோடு வயல் வயலாக நடத்தப்பட்ட ஆய்வுதான், குன்றுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தள்ளி, ஃபென் லேன் என்ற பழைய ரோமானியச் சாலையை ஒட்டிய தாழ்நிலமே உண்மையான களம் என்று காட்டியது.

அதற்குச் சான்றாக அங்கே மதிலும் இல்லை, கல்வெட்டும் இல்லை. உழவு மண்ணில் சிதறிக் கிடந்த 30க்கும் மேற்பட்ட ஈயக் குண்டுகளும், வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசிய காட்டுப்பன்றிச் சின்னம் ஒன்றும் போன்ற சிறு பொருள்கள்தான் கிடைத்தன. காட்டுப்பன்றி ரிச்சர்டின் அடையாளம். கட்டைவிரலளவே உள்ள அச்சின்னம், அன்று சதுப்பாக இருந்த நிலத்தின் ஓரத்தில் கிடந்தது. மன்னரைச் சூழ்ந்து நின்றவர்கள் இறுதியாகப் போரிட்ட இடம் அதுவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு, அது கிடந்த இடமே காரணம். யாரேனும் அதை முன்பே எடுத்துச் சென்று விற்றிருந்தால் இத்தனையும் தெரியாமலே போயிருக்கும்.

1995இல் உருவான போர்க்களப் பதிவேட்டில் 40க்கும் மேற்பட்ட களங்கள் இடம்பெற்றிருப்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஆயினும், கட்டுமான அனுமதி கோரப்படும்போது உள்ளாட்சி மன்றம் சீர்தூக்கிப் பார்க்க வேண்டிய காரணங்களுள் ஒன்று என்பதற்கு மேல் அப்பதிவுக்கு வலிமை இல்லை. 2018இல், ஓட்டுநரில்லா வாகனங்களுக்கான சோதனைத் தடம் போஸ்வொர்த்தின் பதிவு எல்லைக்குள் ஒரு பகுதியில் நுழைவதற்கு, வரலாற்று ஆர்வலர்களின் எதிர்ப்பையும் மீறி அனுமதி கிடைத்தது.

1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பட்டியலிடப்பட்ட தொல்சின்னத்தில் அனுமதியின்றி மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவது குற்றம். பதிவு பெற்ற போர்க்களத்திலோ, பொதுவாக நில உரிமையாளரின் சம்மதமே போதும். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வெள்ளிச் சின்னத்தைப் பற்றித் தெரிவிக்கச் சொல்கிறது. தனித்துக் கிடைக்கும் ஈயக் குண்டை அது பொருட்படுத்துவதில்லை. களம் எங்கே என்று காட்டியவையோ அந்த ஈயக் குண்டுகள்தாம்.

ஆகவே, பதிவு பெற்ற களங்களில் மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடுவதற்குத் தனி அனுமதியையும், கிடைக்கும் ஒவ்வொரு பொருளின் இடத்தையும் பதிந்து ஒப்படைக்கும் கடமையையும் சட்டமாக்க வேண்டுகிறேன். அந்நிலங்களை உழுது வாழும் விவசாயிகளின் வழக்கமான வேலைகளுக்கு இதனால் இடையூறு நேரக் கூடாது. அவர்களின் இசைவோடு, ஃபென் லேன் ஓரமாகவேனும் ஒரு நடைபாதையும் விளக்கப் பலகைகளும் அமைந்தால், குன்றோடு திரும்பிவிடும் பயணிகள் உண்மையான களத்தையும் கண்டு செல்வார்கள்.

இப்படிக்கு,
போர்க்களங்களைக் காணச் செல்லும் ஒருவன்