சார், நான் அந்த மூலைக்குத்தான் போகிறேன்

சார்,

நேற்று படிவத்தைக் கொடுத்துவிட்டேன். கணித முனைவர் பட்டத்தோடு கம்ப்யூடேஷனல் சயின்ஸ் சிறப்புப் பிரிவும் சேர்கிறது. நெறியாளர் கையொப்பம் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன், நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத வேண்டி வந்திருக்காது.

1.59 உங்களுக்கு நினைவிருக்கும்.

எல் வடிவக் களம், அதைச் சிறு உறுப்புகளாக வெட்டிச் சமன்பாட்டின் தீர்வைத் தோராயமாகக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறை, நேரியல் உறுப்புகள். மெஷ்ஷின், அதாவது அந்த உறுப்புகளின், அளவைப் பாதியாக்கும்போதெல்லாம் எனர்ஜி நார்மில், அதாவது தீர்வின் சரிவை வைத்து அளக்கும்போது, பிழையும் பாதியாக வேண்டும். முந்தைய பிழையை அடுத்த பிழையால் வகுத்தால் 2 வர வேண்டும், என் அட்டவணையில் அது வரவேயில்லை. 1.59, மறுபடி 1.59, மறுபடியும் அதுவே. "புரோகிராமில் தப்பு இருக்கும், போய்ப் பார்" என்றீர்கள், தாளைக் கையில் வாங்காமலே. மூன்று வாரம் வரிவரியாகத் தேடினேன். சதுரக் களத்தில் அதே புரோகிராம் சரியாக 2 தருகிறது என்று வந்து சொன்ன பிறகுதான் நாற்காலியைவிட்டு எழுந்தீர்கள்.

சாக்பீஸை எடுத்து அந்த உள்மூலையை வரைந்தீர்கள். 270 பாகை. 180ஐ அதனால் வகுத்தால் 2/3. தீர்வு மூலைக்கு அருகே தூரத்தின் 2/3 அடுக்காக நடந்துகொள்கிறது, அதனால் அதன் சரிவு அங்கே வரம்பில்லாமல் ஏறுகிறது. 2இன் 2/3 அடுக்கு 1.587. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். இத்தனை வருடத்தில் உங்களிடம் நான் கற்றதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது, சார். அதை யாரும் என்னிடமிருந்து எடுத்துவிட முடியாது.

ஆனால் மூன்று வாரம். தாளை அன்றே வாங்கிப் பார்த்திருக்கலாமே?

பிறகு என் வரைவை இழுத்து, துணைத்தேற்றத்தில் 'களம்' என்பதற்கு முன்னால் சிவப்பு மையில் 'குவிந்த' என்று சேர்த்தீர்கள், உள்மூலையே இல்லாத களம் என்று. தேற்றம் உண்மையானது. மூலை வெளியே போனது. எனக்கோ அந்த மூலையில்தான் எல்லாம் இருப்பதாகப் பட்டது. அன்றிரவே மூலையை நெருங்க நெருங்க உறுப்புகளைச் சிறிதாக்கிப் பார்த்தேன். உறுப்புகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகும்போது பிழை மறுபடி பாதியானது. அதை உங்களிடம் காட்டவில்லை. அது என் தவறு. மன்னித்துவிடுங்கள். காட்டினால் என்ன சொல்வீர்கள் என்று எனக்கே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கருத்தரங்கில் நடந்ததைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அன்று அறையில் இருந்த சிலர் இதைப் படிப்பார்கள். அவர்கள் நினைப்பதுபோல் நான் கோபித்துக்கொண்டு போகவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

"கணினி எண்ணைத் தரும், ஏன் என்பதைத் தருமா?" என்று கேட்பீர்கள். கணிதவியலாளர்கள் கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928இல் எழுதிய கட்டுரையை எனக்குப் பாடமாக நடத்தியதே நீங்கள்தான். மின்னணுக் கணினி வராத காலத்தில், சமன்பாட்டுக்குத் தீர்வு உண்டு என்று நிறுவுவதற்காகவே அவர்கள் கட்டங்களைப் போட்டார்கள். வானிலை ஆய்வாளர் லாரன்ஸ் 1963இல் கணினியில் கண்ட ஈர்ப்பு வடிவம், அதாவது தீர்வின் பாதைகள் போய்ச் சேர்கிற அந்த வடிவம், உண்மையிலேயே இருக்கிறது என்று கணிதவியலாளர் வார்விக் டக்கர் 1999இல் நிரூபித்தார். கணினி தசமங்களைச் சுருக்குவதால் வரும் ஒவ்வொரு முழுமையாக்கல் பிழையையும் ஓர் இடைவெளிக்குள் கட்டிவைத்து, கணினியைக் கொண்டே நிரூபித்தார். அந்த வகைக் கண்டிப்பை எனக்குப் பழக்கியது நீங்கள். அதோடுதான் போகிறேன். இதை நியாயப்படுத்துவதாக எடுத்துக்கொண்டாலும் சரி.

கூடுதல் பாடங்களால் ஆய்வேடு தள்ளிப்போகும். குழுவில் வெளித்துறையிலிருந்து ஒருவர் உட்காருவார். உங்களுக்கு அது பிடிக்காது, தெரியும். உங்களைக் கேட்காமல் முதலில் அலுவலகத்தைக் கேட்டேன். அதுவும் தவறுதான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் தலையாட்டியிருப்பேன்.

முப்பரிமாணத்தில் மூலையோடு விளிம்புகளும் சேர்ந்துகொள்கின்றன. அங்கே என் மதிப்பீடு ஓர் இடத்தில் உடைகிறது, இரண்டு மாதமாக நகரவில்லை. இந்த முறை அட்டவணை இல்லாமல், வெறும் நிரூபணத்தோடு வருகிறேன். வியாழக்கிழமை கரும்பலகை காலியாக இருக்குமா? மூன்றாம் அத்தியாயத்தில் அந்தச் சிவப்புச் சொல் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை அடிப்பதென்றால் நீங்கள்தான் அடிக்க வேண்டும்.