கொக்குக் கால் விமானம்

அன்புள்ள கயல்,

சான் டியேகோவில் அருங்காட்சியகமாக நிற்கும் மிட்வே விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்திலிருந்து நீ அனுப்பிய படம் கிடைத்தது. "கொக்குக் கால் வைத்த இந்தப் பொம்மையா குண்டு போட்டது?" என்று கேட்டிருந்தாய். ஆமாம் கண்ணு, அதுதான் ஏ-4 ஸ்கைஹாக். இதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் இருந்தேன், நீயாக வந்து மாட்டிக்கொண்டாய்.

முதலில் அந்தக் கால். கப்பலிலிருந்து அணுகுண்டைத் தூக்கிக்கொண்டு போக அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு ஜெட் தேவைப்பட்டது. அந்தக் காலத்து அணுகுண்டு பெரிய உருப்படி. வயிற்றுக்கு அடியில் அதைத் தொங்கவிட இடம் வேண்டாமா? அதற்குத்தான் அந்த உயரம். எடை 30,000 பவுண்டு வரை போகலாம் என்றார்கள். டக்ளஸ் விமான நிறுவனத்தின் வடிவமைப்பாளர் எட் ஹைன்மன் ஏறக்குறைய பாதியிலேயே முடித்துக் காட்டினார்.

எப்படி என்கிறாயா? இறக்கையைப் பார். நுனிக்கு நுனி 27 அடி சொச்சம்தான், கப்பலின் லிஃப்டில் விரித்தபடியே அடங்கிவிடும். மடக்க வேண்டியதில்லை என்றதும் கீல் போயிற்று, மடக்கும் இயந்திரம் போயிற்று. எடை குறைந்ததால் சின்ன எஞ்சினே போதும், அதற்கு எரிபொருளும் குறைவு. சக்கரக் கால்கள் முன்பக்கமாக மடங்கும். அவற்றை இயக்கும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) அமைப்பு கைவிட்டாலும் சொந்த எடையிலும் எதிர்க்காற்றிலும் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். இறக்கையின் முன்விளிம்பில் உள்ள ஸ்லாட் என்ற நகரும் தகட்டுக்கு மோட்டாரே கிடையாது. வேகம் குறைந்தால் தானாக வெளியே வரும், கூடினால் காற்றே உள்ளே தள்ளிவிடும். இதை முதலில் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

1954 ஜூனில் முதன்முறை பறந்தது, 1956ல் படையில் சேர்ந்தது. நல்லவேளை, அணுகுண்டு வேலை வரவேயில்லை. வியட்நாமில் சாதாரணக் குண்டுகளைச் சுமந்தது, அடியும் நிறையப் பட்டது. 1964 ஆகஸ்டில் வட வியட்நாம் மீதான முதல் நாள் தாக்குதலிலேயே இதன் விமானி எவரெட் ஆல்வரெஸ் பிடிபட்டு, எட்டு ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். பின்னாளில் செனட்டரான ஜான் மெக்கெய்ன் 1967ல் ஹனோயில் சுட்டு வீழ்த்தப்பட்டதும் இந்த விமானத்தில்தான்.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த 1982 ஃபாக்லாந்துப் போரை. மே 2 அன்று அர்ஜென்டினாவின் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஸ்கைஹாக்குகள் பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்குவதாக இருந்தது. காற்று வீசவில்லை! எதிர்க்காற்று இல்லாமல் அந்தப் பழைய கப்பலால் குண்டுச் சுமையோடு அவற்றை ஏவ முடியவில்லை. அன்றே பெல்கிரானோ என்ற அர்ஜென்டினப் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட, விமானந்தாங்கிக் கப்பல் துறைமுகம் திரும்பியது. அப்புறம் கடற்படை விமானங்களும் தரையிலிருந்துதான் கிளம்பின. விமானப்படையின் ஸ்கைஹாக்குகள் அலையை உரசுகிற உயரத்தில் வந்து கோவென்ட்ரி என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தன. ஆனால் அவ்வளவு தாழ்விலிருந்து விட்ட குண்டுகள் பலவற்றில் வெடிக்கவைக்கும் ஃபியூஸ் தயாராவதற்கு நேரமே இல்லை. கப்பலுக்குள் புகுந்தும் வெடிக்காமல் கிடந்தன. அத்தனை நெருப்புக்குள் பறந்து வந்த விமானிகளுக்கு எப்படி இருந்திருக்கும்! வெடிக்காததால் பிழைத்த மாலுமிகளையும் நினைத்துக்கொள்கிறேன்.

1979 வரை 2,960 விமானங்கள் செய்தார்கள். மறுபடி அந்தப் பக்கம் போனால் வால் பக்கம் சுற்றிப் பார். சுக்கானின் விலா எலும்புகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதிர்வை அடக்கத் தற்காலிகமாகச் செய்த ஒட்டுவேலை, கடைசி விமானம் வரை அப்படியே நிலைத்துவிட்டது. அதைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா