உன் மகள் கேட்டதற்குப் பதில்

டர்பன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. தைப்பூசக் காவடி முடிந்த கையோடு வகுப்புகளும் தொடங்கிவிட்டதால் உட்கார்ந்து எழுத நேரமே கிடைக்கவில்லை. அம்கேனி ரோடு கோயிலில் இந்த வருஷமும் நல்ல கூட்டம், வெயில்தான் தாங்கவில்லை. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். நிம்மதியாக இருந்தது.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்குக் குவாண்டம் அல்காரிதம், அதாவது குவாண்டம் இயற்பியல் விதிகளில் ஓடும் கணினிகளுக்கான கணக்குவழி, எடுக்கலாமா என்கிறாள். நீயோ உன் வங்கியில் எல்லாரும் குவாண்டம் கணினி வந்தால் ரகசியத் தகவலைக் காக்கும் குறியாக்கப் பூட்டெல்லாம் உடைந்துவிடும் என்று பயமுறுத்துவதாக எழுதுகிறாய்.

உன் பயத்துக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாக வேகமாகப் பிரிக்கும் குவாண்டம் வழியை 1994-இல் பீட்டர் ஷோர் கண்டுபிடித்தார். அப்படிப் பிரிப்பது கடினம் என்பதை நம்பியே இருக்கும் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்கப் பூட்டு அதனால் உடையும் என்பது கணக்களவில் உறுதி, அதற்கேற்ற பெரிய இயந்திரம்தான் இன்னும் இல்லை. 2048 பிட் பூட்டை உடைக்க 2 கோடி க்யூபிட்டும் (குவாண்டம் கணினியின் பிட்) 8 மணி நேரமும் வேண்டும் என்று ஆய்வாளர்கள் கிட்னியும் எகெரோவும் 2019-இல் கணக்கிட்டார்கள். 2025-இல் கிட்னியே அதை 10 லட்சத்துக்கும் கீழே இறக்கி, ஒரு வாரத்துக்குள் முடியும் என்றார். உத்தி கூர்மையானதால்தான் தொகை இப்படி இறங்கியது. ஆகவே பீதி வேண்டாம். ஆனால் அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட, குவாண்டத்தையும் தாங்கும் புதிய குறியாக்கத் தரங்களுக்கு மாறும் வேலையை உங்கள் வங்கி தள்ளிப்போடவும் கூடாது.

மகளுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. குவாண்டத்துக்குள் போவதற்கு முன் ரேண்டம் அல்காரிதமும் (நாணயம் சுண்டுவதுபோல் தற்செயலைப் பயன்படுத்துவது) தோராய அல்காரிதமும் (மிகச் சிறந்த விடைக்கு அருகே வருவது) அவள் கையில் நன்றாகப் படிந்திருக்க வேண்டும்.

போன வாரம் வகுப்பில் பலகையில் பீட்டர்சன் வலையை வரைந்தேன். 10 முனைகள், 15 கோடுகள், ஒவ்வொரு முனையிலும் மூன்று கோடுகள். முனைகளை இரண்டு அணியாகப் பிரிக்க வேண்டும், ஒரு அணியிலிருந்து மறு அணிக்குப் போகும் கோடுகள் எத்தனை முடியுமோ அத்தனை இருக்க வேண்டும். இதுதான் மேக்ஸ்-கட். எல்லா வலைக்கும் மிகச் சிறந்த விடையை வேகமாகத் தரும் வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. ஒரு பையனிடம் ஐந்து ரேண்ட் நாணயத்தைக் கொடுத்து முனைக்கு முனை சுண்டச் சொன்னேன். தலை விழுந்தால் இடது, பூ விழுந்தால் வலது. 9 கோடுகள் வெட்டுப்பட்டன. சிறந்த விடையே 12தான்! எந்தக் கோட்டை எடுத்தாலும் அதன் இரு முனையும் வெவ்வேறு அணியில் விழ பாதி வாய்ப்பு உண்டு, ஆகவே எந்த வலையானாலும் சராசரியாகப் பாதிக் கோடுகள் வெட்டுப்பட்டே தீரும். யோசனையே இல்லாத ஒரு சுண்டலுக்கு இவ்வளவு உத்தரவாதம்!

1995-இல் கோமன்ஸும் வில்லியம்சனும் முனைகளை ஒரு உயர்பரிமாணக் கோளத்தின் மேல் பரப்பி, நடுவே ஏதோ ஒரு தளத்தால் ரேண்டமாக வெட்டினார்கள். உத்தரவாதம் பாதியிலிருந்து, சிறந்த விடையின் 0.878 பங்குக்கு ஏறியது. சில கணக்குகளுக்குத் தோராய விடை காண்பதே கடினம் என்று சுபாஷ் கோட் 2002-இல் முன்வைத்த யூகம் மெய்யானால், பி-யும் (வேகமாகத் தீர்க்கக்கூடிய கணக்குகள்) என்பி-யும் (விடையை வேகமாகச் சரிபார்க்கக்கூடிய கணக்குகள்) வேறுவேறாக இருக்கும்வரை இதற்கு மேல் வேகமான வழி எதுவும் போக முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கிறது.

அப்புறம் 2014-இல் ஃபார்ஹி, கோல்ட்ஸ்டோன், குட்மன் மூவரும் க்யூஏஓஏ என்ற குவாண்டம் தோராய வழியைக் கொண்டுவந்தார்கள். முனைக்கு மூன்று கோடு உள்ள வலைகளில் அதன் படிகளை ஒரே ஒரு அடுக்காக ஓட்டினால் கிடைக்கும் உத்தரவாதம் சிறந்த விடையின் 0.692 பங்கு. அதே வகை வலைக்குச் சாதாரணக் கணினி பல வருஷம் முன்பே 0.932 தொட்டிருந்தது. அடுக்கு கூடினால் விடை மேம்படும்தான், ஆனால் இன்றைய கருவிகளில் பிழையும் கூடவே ஏறும். இந்தப் பழைய கணக்கு தெரியாதவர்களுக்கு 0.692 பெரிய வெற்றியாகத் தெரியும்.

ஈவின் டாங் என்ற மாணவரின் கதையையும் அவளுக்குச் சொல். யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று பரிந்துரைக்கும் கணக்குக்கு கெரினிடிஸும் பிரகாஷும் 2016-இல் அதிவேகமான ஒரு குவாண்டம் வழி கொடுத்தார்கள். சாதாரணக் கணினியால் அந்த வேகத்தை எட்டவே முடியாது என்று நிரூபிக்கும் வேலையை, இளங்கலை படித்துக்கொண்டிருந்த டாங்கிடம் டெக்சஸின் ஆஸ்டினில் பேராசிரியர் ஸ்காட் ஆரன்சன் ஒப்படைத்தார். நிரூபணம் வரவில்லை. 2018-இல், 18 வயதில், டாங் அந்த வேகத்தைச் சாதாரணக் கணினியிலேயே காட்டிவிட்டார்! தரவு ஒரு குறிப்பிட்ட அமைப்பில் சேமித்திருக்கும் என்று குவாண்டம் வழி எடுத்துக்கொள்கிறது. அதே அமைப்பைச் சாதாரணக் கணினிக்கும் கொடுத்தால், எடைக்கேற்ப ரேண்டமாகச் சில மாதிரிகளை எடுத்தே விடை சொல்லலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதைப் போலத்தான். நடைமுறையில் டாங்கின் வழி இன்னும் கனமானது, ஆனால் அந்த மலையளவு இடைவெளி போய்விட்டது.

இந்த ஊரில் முனைவர் பட்டம் வாங்கிய மரியா ஷூல்ட், 2022-இல் கில்லோரனோடு எழுதிய கட்டுரையில், குவாண்டம் இயந்திரக் கற்றலுக்கு (குவாண்டம் கணினியைத் தரவிலிருந்து கற்க வைப்பது) சாதாரணக் கணினியை முந்திக்காட்டுவதுதான் சரியான இலக்கா என்றே கேட்டிருக்கிறார். துறைக்குள் இருப்பவரே அப்படிக் கேட்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆகவே தாராளமாகச் சேரட்டும். 2019-இல் விட்ஸுக்கு ஐபிஎம்மின் குவாண்டம் கணினிகளோடு தொடர்பு ஏற்பட்டது, அவளுக்கு அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. ஆனால் நிகழ்தகவுப் பாடத்தைக் கட்டாயம் எடுக்கச் சொல். வழிகாட்டியைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் எந்தச் சாதாரண அல்காரிதத்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேட்கட்டும். ஜூலை விடுமுறைக்கு இங்கே அனுப்பிவை. கோமன்ஸ்-வில்லியம்சன் நிரூபணத்தை இருவரும் உட்கார்ந்து வரிவரியாகப் போட்டுப் பார்க்கிறோம்.

அன்புடன்,
ரவி