நைட் டியூட்டி வாரத்தில் படிக்க, அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். சாரல் ஆரம்பித்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் நன்றாக வருகிறது, அம்பாசமுத்திரம் பக்கம் கார் நடவு மும்முரமாக நடக்கிறது. போன் போட்டால் நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டியில் இருக்கிறாயா, தூங்குகிறாயா என்று தெரிவதில்லை. கடிதம் என்றால் முழித்திருக்கும் நேரத்தில் படித்துக்கொள்வாய் என்றுதான் எழுதுகிறேன்.

நைட் முடிந்து ஸ்கூட்டியில் வரும்போது கிண்டி சிக்னலில் கண் சொக்கிவிட்டது, பின்னால் நின்ற பஸ் ஹார்ன் அடித்த பிறகுதான் முழித்தாய் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, தாயி. நைட் வாரத்தில் வண்டியை எடுக்காதே. பஸ்ஸோ ரயிலோ பார்த்துக்கொள். வேறு வழியே இல்லாத நாளில், அடுத்த சிஸ்டரிடம் ரிப்போர்ட் கொடுத்து முடித்ததும் டியூட்டி ரூமில் இருபது நிமிஷம் படுத்து எழுந்து, முகம் கழுவி, தலை தெளிந்த பிறகு கிளம்பு. வீட்டில் காத்திருப்பார்களே என்று பதறாதே.

1997இல் ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் முழித்திருந்தவனின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் இருப்பவனின் கவனம் அளவுக்குக் குறைந்துவிடுகிறதாம். நம் நாட்டில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டம். நீ மத்தியானம் ஒரு மணிக்கு எழுந்து, பிள்ளையைப் பார்த்து, சமைத்து, ராத்திரி முழுக்க ஐசியூவில் நின்றுவிட்டுக் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் 19 மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆகவே நைட்டுக்குப் போகும் முன், சாயங்காலம் ஒன்றரை மணி நேரமாவது படு. தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் கண்ணை மூடிக் கிட.

முப்பது வருஷத்துக்கு மேல் நூல் மில்லில் ஷிப்ட் பார்த்தவன் நான். ராத்திரி ஷிப்டில் இரண்டு மணி வரை ஆள் தெம்பாக இருப்பான். மூன்றரை, நாலு ஆனதும் நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் அறுந்த இழை கண்ணுக்கு முன்னால் தொங்கும், கை அதைப் பிணைக்கப் போகாது. உடம்புச் சூடு ஒரு நாளில் மிகவும் இறங்குவது அந்த விடியற்கால நேரத்தில்தான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எத்தனை வருஷம் பழகினாலும் அந்த நேரம் பழகவில்லை. எனக்கு அறுந்தது நூல். உன் கையில் இருப்பது இன்சுலினும், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரினும்; அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் ஊசி மருந்து எடுத்தால் பக்கத்துப் பெட் சிஸ்டரைக் கூப்பிட்டு அளவைப் பார்க்கச் சொல். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் கூச்சப்படாதே.

உன் டியூட்டி சார்ட்டை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. மில்லில் ஒரு வாரம் காலை, அடுத்த வாரம் மத்தியானம், அதற்கடுத்து ராத்திரி என்று நேரம் பின்னால் தள்ளித் தள்ளிப் போகும். உடம்பு இதை ஓரளவு தாங்கும், ஏனென்றால் தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது முன்னால் இழுப்பதைவிட எளிது. உனக்கோ ராத்திரி எட்டு மணிக்கு ஈவினிங் முடிகிறது, மறுநாள் ஏழு மணிக்கு மார்னிங் தொடங்குகிறது. பயணமும் சமையலும் போக, தூங்க என்ன மிஞ்சும்? காலை, மாலை, ராத்திரி என்ற வரிசையில் சார்ட் போடச் சொல்லி இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேள். தனியாகக் கேட்காமல் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். எங்களுக்கு 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் இருந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம்தான், மிஞ்சினால் இரட்டைச் சம்பளம். அதையே சங்கமாக நின்று கேட்டால்தான் வாங்க முடிந்தது.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. நான் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால், அம்மா ஜன்னலில் பழைய பத்தமடைப் பாயைக் கட்டிவிடுவாள். உன்னையும் அண்ணனையும் ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். தெருவில் உரல் இடிக்கிற சத்தம்கூடக் கேட்காது. "நைட் பார்த்துட்டு வந்திருக்காரு" என்ற ஒரு வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை. அதே நைட்டைப் பார்த்துவிட்டு ஒரு பெண் வந்தால், காப்பி போடவில்லையா, பிள்ளைக்கு டிபன் கட்டவில்லையா என்று வீடு கேட்கிறது. இது சரியில்லை. மாப்பிள்ளை நல்லவர், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார். அவரிடமும் உன் அத்தையிடமும் நானே பேசுகிறேன், நீ சங்கடப்படாதே. நைட் வாரத்தில் காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் மூன்று வரை உன் அறைக் கதவை யாரும் தட்டக் கூடாது, அவ்வளவுதான் கேட்கப்போகிறேன்.

காப்பி விஷயம் உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குடித்த காப்பியின் வேகம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகிறது. ராத்திரி ஒரு மணியோடு நிறுத்திக்கொள். அதற்குப் பிறகு வெந்நி குடி. கேன்டீனில் இரண்டு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் வேண்டாம், வயிறும் கெடும், தூக்கமும் கெடும். நாலு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவிக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிடு. காலையில் வெளியே வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள். அந்த வெயில் கண்ணில் பட்டால் உடம்பு பொழுது விடிந்துவிட்டது என்று முழித்துக்கொள்ளும், அப்புறம் படுத்தாலும் புரளத்தான் செய்வாய். இருட்டுத் துணியில் தைத்த திரை இரண்டு அம்மா கொடுத்தனுப்புவாள்.

ஆடி மாதக் கோயில் கொடைக்கு வரவில்லை என்றால் சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்களே என்று கவலைப்பட்டாயாம். நைட் முடித்த கையோடு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி வந்து, மறுநாளே திரும்பி டியூட்டிக்கு ஓடுகிற வேலை வேண்டாம். சித்தி கேட்டாள், அவளுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். முறையாக லீவு கிடைக்கும்போது நாலு நாள் வந்து தங்கு. பேரன் ஆற்றில் குளிக்கட்டும், நீ மச்சில் படுத்துத் தூங்கு. எழுந்ததும் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இருக்கும்.

அதுவரை நீ நைட் பார்க்கும் வாரங்களில் அம்மா சென்னைக்கு வந்து பேரனைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள். அடுத்த மாதச் சார்ட் ஒட்டியதும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. தேதி தெரிந்தால்தான் டிக்கெட் போட முடியும், கொடை நேரத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அன்புடன்,
அப்பா