வட்டிக்கடை இருந்த நாவலாசிரியர் வீடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரை டோக்கியோ, கியோட்டோவோடு நின்றுவிட்டது. வடக்கே அவோமோரி மாகாணத்தில், கனாகி என்ற சிற்றூரில் இருக்கும் 'ஷாயோகான்' பற்றி நாலு வரியாவது எழுதியிருக்கலாம். நாவலாசிரியர் ஒசாமு தசாய் 1909இல் பிறந்த வீடு அது. செண்டாயில் வேலை பார்க்கும் என் மகள் என்னை அங்கே கூட்டிப்போனாள். கோஷோகவாராவில் சின்ன ரயிலுக்கு மாறி, வயல்களுக்கு நடுவே போக வேண்டும்.

நான் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவள். அதனாலோ என்னவோ, உள்ளே நுழைந்ததும் என் கண் போனது கடன் கொடுத்த அறையின் கவுண்ட்டர் மேல்தான். தசாயின் அப்பா பெரிய நிலக்கிழார், நாடாளுமன்ற உறுப்பினர், வட்டிக்கும் விட்டவர். 1907இல் ஹிபா மரம் இழைத்து அவர் கட்டிய மாளிகை இது. மாடியில் மேல்நாட்டுப் பாணி வரவேற்பறை. வீட்டைச் சுற்றி ஆளுயரத்தைத் தாண்டிய செங்கல் மதில். கீழே அகலமான மண்தரைக் கூடம். குத்தகைக்காரர்கள் அளந்த அரிசி மூட்டைகள் வந்து இறங்கிய இடம் அது. அங்கே நின்றபோது, கடன் கேட்டு வந்தவர்களின் முகம்தான் எனக்கு மனதில் ஓடியது. தவணை தள்ளிக் கேட்டு வருகிறவர்களை எத்தனையோ வருஷம் எதிரில் பார்த்தவள் நான்.

இந்தச் செல்வம் தசாயைக் கடைசிவரை உறுத்தியது. படிக்கும் காலத்தில் இடதுசாரி இயக்கத்துக்குப் போனார். நிலக்கிழார்களைச் சாடிக் கதை எழுதினார். கெய்ஷா பெண் ஒருத்தியை மணக்க நின்றதும், 1930இல் குடும்பப் பதிவேட்டிலிருந்தே அவரைப் பிரித்துவிட்டார்கள். எழுத்தாளர் நினைவு இல்லம் என்றால் பேனாவும் மூக்குக்கண்ணாடியும் மாலை போட்ட படமும்தான் என்றாகிவிட்டது. கனாகிக்காரர்களோ, தசாயை வெட்கப்பட வைத்த அந்தக் கவுண்ட்டரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவர் ஏன் அப்படி எழுதினார் என்பதை வேறெந்தக் கண்ணாடிப் பெட்டியும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

போருக்குப் பின் நிலச் சீர்திருத்தம் வந்து, குடும்பத்தின் நிலங்கள் கைவிட்டுப் போயின. 1948இல் வீடு கைமாறியது. அதே ஆண்டு ஜூனில் தசாய் இறந்தார். 1950 முதல் 1996 வரை, அவருடைய 'ஷாயோ' நாவலின் பெயரிலேயே தங்கும் விடுதியாக நடந்தது. பிறகு ஊராட்சியே வாங்கி, 1998இல் நினைவு இல்லமாகத் திறந்தது.

ஜப்பான் போகும் வாசகர்களுக்காக இந்த இடம் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். 1945இல் குண்டுவீச்சுக்குத் தப்பி வந்த தசாய் குடும்பத்தோடு தங்கி எழுதிய தனிக்கட்டு, சில நிமிட நடையில் இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுச்சீட்டு என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.

– ஓய்வுபெற்ற காசாளர், கும்பகோணம்