ஒழுகுகிற கூரைக்கு முதலில் கொடுங்கள்

வேல்ஸில் பாரம்பரியக் கட்டடங்களைச் சீரமைக்க மானியம் ஒதுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

தென் வேல்ஸின் பழைய நிலக்கரிப் பள்ளத்தாக்கு ஒன்றில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். எங்கள் ஊரில் சுரங்கத் தொழிலாளர்கள் கட்டிய மன்றம் ஒன்று இருக்கிறது. அதன் வரவு செலவுக் கணக்கை எழுதுவது என் பொறுப்பு. சனிக்கிழமை காலையில் அங்கே மாடி அறையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறோம். நாங்கள் அ, ஆ சொல்லிக்கொண்டிருக்கும்போது கீழே ஆண்கள் பாடகர் குழு வெல்ஷ் பாட்டு ஒத்திகை பார்க்கும். இரண்டு சத்தமும் படிக்கட்டில் கலந்து கேட்கும். இந்த மடலை வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் மாற்றித் தர நண்பர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் நெஞ்சில் இருப்பது எனக்கு முதலில் தமிழில்தான் வருகிறது. வேல்ஸில் இருக்கும் தமிழர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பிறந்தநாளோ பொங்கலோ, நாம் கூடுவதும் இந்த மாதிரி மன்றங்களில்தானே.

சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். எந்தக் கட்டடத்துக்குப் பணம் என்று முடிவு செய்யும்போது, விண்ணப்பத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால், அந்தக் கட்டடத்தின் கதவை இன்றைக்கு யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் கேட்பது கூரைக்கு மட்டும் என்றால், கூரைக்கு மட்டும் கொடுங்கள்.

எங்கள் மேடையின் இடது ஓரத்தில் ஒரு நீல வாளி இருக்கும். முதலில் ஒன்றுதான் இருந்தது. அப்புறம் இரண்டு. போன குளிர்காலத்தில் ஐந்து. மழை நாளில் ஒத்திகைக்கு வருகிறவர்கள் கோட்டைக் கழற்றியதும் வாளிகளைக் காலி செய்துவிட்டுத்தான் பாட நிற்பார்கள். ஒரு நாள் காற்றில் நழுவி முற்றத்தில் விழுந்த ஸ்லேட் ஓடு ஒன்றைக் கூரை வேலைக்காரர் எடுத்து, விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். வெண்கலப் பாத்திரம் மாதிரிக் கணீரென்றது. கல்லுக்கு ஒரு குறையும் இல்லை. ஆணி போன துளையைச் சுற்றி மட்டும் செம்மண் நிறத்தில் துரு. அத்தனை வருடம் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்த இரும்பு ஆணி தேய்ந்து தேய்ந்து ஊசியாகி, ஒடிந்திருந்தது. அவர்கள் தொழிலில் இதற்கு ‘ஆணி நோய்’ என்று பெயராம். பெரும்பாலான ஓடுகளை இறக்கி, செம்பு ஆணி அடித்து, அதே ஓடுகளையே திரும்ப ஏற்றிவிடலாம் என்றார். ஓட்டுக்கும் ஆணிக்கும் ஆகிற செலவைவிட மேலே ஏறச் சாரம் கட்டுகிற செலவுதான் அதிகம்.

இந்த வேலைக்காக ஒரு மானிய அமைப்பிடம் கேட்டோம். பெயர் வேண்டாம். புதிதாக எந்தப் பார்வையாளர்களை ஈர்ப்பீர்கள், திட்டம் முடிந்ததும் என்ன மாற்றத்தை எப்படி அளப்பீர்கள் என்றெல்லாம் கேள்விகள் இருந்தன. எங்களிடம் இருந்த உண்மையான பதில், இப்போது வருகிறவர்கள் நனையாமல் இருப்பார்கள் என்பதுதான். அதைத்தான் எழுதினோம். எட்டு மாதம் கழித்து, போட்டி அதிகம், வருந்துகிறோம் என்று நாலு வரியில் பதில் வந்தது. அந்த எட்டு மாதத்துக்குள் பால்கனிக்கு மேலே இருந்த பூச்சு ஒரு கதவு அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லாத நேரம். ஆணிக்கு என்று கேட்ட தொகை இப்போது உத்தரம், பூச்சு, மின்கம்பி என்று பல மடங்காகி நிற்கிறது.

இந்த மன்றங்கள் எப்படி எழுந்தன என்பது உங்களுக்குத் தெரியும். பலவற்றைக் கட்டியது தொழிலாளர்களே. கூலியில் ஒரு பவுண்டுக்கு ஒரு பென்னி, இரண்டு பென்னி என்று பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கட்டினார்கள். வாசிப்பறை, நூலகம், பில்லியர்ட்ஸ் மேசை, மேடை எல்லாம் அந்தப் பென்னியில் வந்தவை. 13 வயதில் சுரங்கத்தில் இறங்கிய அனைரின் பெவன் புத்தகம் தேடிப் போனது டிரெடெகர் தொழிலாளர் மன்ற நூலகத்துக்கு. அதே ஊரில் தொழிலாளர்கள் கூலியிலிருந்து காசு போட்டு நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்தை அவர் அருகிலிருந்து பார்த்தவர். அமைச்சரானதும் 1948இல் நாடு முழுவதற்கும் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கி வைத்தார். அந்தச் சேவையில் வேலை கிடைத்துத்தான் என் மனைவி இந்த ஊருக்கு வந்தார். கூடவே நானும் வந்தேன். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதற்கும் அந்தப் பென்னிக்கும் சம்பந்தம் இருக்கிறது.

எங்கள் மன்றத்து அலமாரியில் பழைய சந்தாப் பதிவேடு ஒன்று இருக்கிறது. ஒரே பக்கத்தில் ஒன்பது எவன்ஸ், பதினோரு ஜோன்ஸ். ஆள் தெரிவதற்காகப் பெயருக்குப் பக்கத்தில் வீட்டு எண்ணை எழுதியிருக்கிறார்கள். 1926 மே மாதத்துக்கு வந்தால் கட்டங்கள் வெறுமையாகிவிடும். சுரங்கங்கள் கதவடைத்த வருடம் அது. பக்கம் பக்கமாக ஒன்றுமே இல்லை, பெயர்கள் மட்டும் இருக்கின்றன. யாரையும் அடித்து நீக்கவில்லை. வருடக் கடைசியில் மறுபடியும் பென்னிகள் வரத் தொடங்குகின்றன, முதலில் கொஞ்சம் பேரிடமிருந்து. கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு அந்தப் பக்கங்களைப் பார்த்தால் கண் கலங்கிவிடும். அந்தப் பதிவேட்டின்மேலும் இப்போது ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கிறோம்.

இன்று நீங்கள் பங்கிடுகிற பணத்தில் பெரும்பகுதி தேசிய லாட்டரியிலிருந்து வருகிறது. 1994இல் லாட்டரி தொடங்கியதிலிருந்து எங்கள் தெருமுனைக் கடையிலும் வாராவாரம் சீட்டு விற்கிறது. பதிவேட்டில் இருக்கும் எவன்ஸ்களின் பேரன் பேத்திகள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். தாத்தாக்கள் கூலியில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், இவர்கள் சீட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் கொஞ்சம் தாத்தாக்கள் கட்டிய கூரைக்குத் திரும்பி வர வேண்டும் என்று கேட்பதை நான் உதவி கேட்பதாக நினைக்கவில்லை.

உங்கள் வேலை சுலபம் என்று சொல்ல மாட்டேன். வேல்ஸில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் மட்டும் சுமார் 30,000 இருக்கின்றன. ஆள் குறைந்து கதவு மூடிய சிற்றாலயங்கள் ஊருக்கு ஊர் நிற்கின்றன. ஒருவருக்குச் சரி என்று சொன்னால் பலருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தேசிய லாட்டரி பாரம்பரிய நிதியம் நான்கு கொள்கைகளை வைத்து எடைபோடுகிறது. பாரம்பரியத்தைக் காப்பது, சுற்றுச்சூழலைப் பேணுவது, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது, நடத்தும் அமைப்பு நிலைத்து நிற்பது. நான்கும் நல்ல கொள்கைகள்தான். 10,000 பவுண்டிலிருந்து இரண்டரை லட்சம் பவுண்டு வரை ஒரே சுற்றில் கேட்கலாம், அதற்கு மேல் போனால் இரண்டு சுற்று என்று வைத்திருப்பதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய பணத்தை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் சின்ன ஓட்டையைச் சின்னதாக இருக்கும்போதே அடைக்க முடியாத ஊர்தான் பிறகு இரண்டு சுற்று விண்ணப்பத்தோடு வந்து நிற்கிறது. அப்போது கட்டடக் கலைஞரின் அறிக்கை, வணிகத் திட்டம், செலவு மதிப்பீடு எல்லாம் தேவைப்படும். வசதியான ஊரில் ஓய்வுபெற்ற வழக்கறிஞரும் கணக்காயரும் குழுவில் இருப்பார்கள், அவர்களே எழுதிவிடுவார்கள். எங்கள் குழுவில் ஒரு பேருந்து ஓட்டுநர், பள்ளிக்கூடச் சமையல்காரம்மா, இரண்டு ஓய்வுபெற்ற செவிலியர், அப்புறம் நான். எழுதித் தருகிற நிபுணரை அமர்த்தலாம் என்றால் அந்தக் கட்டணத்தில் பாதிச் சாரம் கட்டிவிடலாம்.

கோட்டைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. கார்னர்வன் கோட்டையின் அரசர் வாயிலில் 50 லட்சம் பவுண்டு செலவில் வேலை செய்து 2023இல் திறந்தார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் இப்போது மின்தூக்கியில் மேல்தளம் வரை போகலாம். எவ்வளவு நல்ல காரியம்! ஆனால் அந்தக் கோட்டைக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருகிறார்கள், நுழைவுக் கட்டணம் வருகிறது, பார்த்துக்கொள்ள அரசின் காடூ அமைப்பு இருக்கிறது. காடூ என்ற வெல்ஷ் சொல்லுக்கே ‘காத்துவை’ என்றுதான் பொருள். வடக்கே பெத்தெஸ்தாவில் 1900 முதல் 1903 வரை ஸ்லேட் குவாரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ‘இந்த வீட்டில் துரோகி இல்லை’ என்று அச்சடித்த அட்டையை ஜன்னலில் வைத்தார்கள். குவாரி முதலாளியின் பென்ரின் கோட்டைக்கு இன்று டிக்கெட் வாங்கிப் போகலாம். அந்த அட்டை இருந்த வீட்டு வரிசைகளும், அவர்கள் கூடிப் பேசிய கூடங்களும் அதே அளவு பாரம்பரியம்தான். அவற்றுக்கு டிக்கெட் கிடையாது. ஆகவே உங்களை விட்டால் வேறு ஆள் கிடையாது.

ஓக்டேல் தொழிலாளர் மன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1917இல் கட்டியது, 1987இல் மூடியது. அதைக் கல் கல்லாகப் பிரித்து, கார்டிஃபுக்கு அருகில் செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1995இல் மறுபடி எழுப்பினார்கள். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அருமையாக வைத்திருக்கிறார்கள். இடிந்து போவதற்கு இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஓக்டேல்காரர் ஒருவர் தன் அம்மா அப்பா நடனமாடிய தரையில் நிற்க வேண்டுமென்றால் இப்போது வண்டி பிடித்து வர வேண்டும். ஓக்டேலிலிருந்து கொஞ்ச தூரத்தில் நியூபிரிட்ஜ். 1908இல் கட்டிய மன்றமும், பக்கத்திலேயே முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவு மண்டபமும் அங்கேயே நிற்கின்றன. எந்தப் பழைய கட்டடத்தைச் சீரமைக்கலாம் என்று மக்கள் ஓட்டுப் போட்ட பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 2004இல் இறுதிச் சுற்று வரை போய்த் தோற்றார்கள். தோற்றதும் கலைந்து போகவில்லை. மேலும் பல வருடம் அலைந்து, லாட்டரி நிதியும் கிடைத்து, சீரமைத்துத் திறந்தார்கள். அந்தப் பிடிவாதத்தை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதைப் பார்க்க நீங்கள் நேரில்தான் வர வேண்டும்.

ஒரு திட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை வரும். ட்ரௌஸ்வனித் அருகே மலையில் இருக்கும் அர் அஸ்கூர்ன் பண்ணை வீடு, கவிஞர் ஹெத் வின் வாழ்ந்த வீடு. 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியப் போர்முனையில் அவர் இறந்தார். ஆறு வாரத்தில் எய்ஸ்தெத்வோத் என்கிற வெல்ஷ் கலை விழாவில், கவிதைக்குப் பரிசாகத் தரும் நாற்காலி அவருக்கு என்று அறிவித்தார்கள். ஆள் இல்லாததால் நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். அந்த நாற்காலி அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தேடி வருகிறவர்களுக்குக் குடும்பத்தார் பல பத்தாண்டுகளாகக் கதவைத் திறந்தே வைத்தார்கள். வீட்டுக்காரரே உட்காரவைத்துக் கதை சொல்வார். 2012இல் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா ஆணையம் வீட்டை வாங்கியது. லாட்டரி நிதி உதவியோடு சீரமைத்து 2017இல் திறந்தார்கள். வீடு வீடாகவே இருக்கிறது, நிலத்தில் ஆடு மேய்கிறது. யாரோ கதவைத் திறந்து வைத்திருந்த இடத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. நான் கேட்பதும் இதேதான்.

நீங்கள் செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கூரை, கூரையோர வாய்க்கால், மழைநீர்க் குழாய், சுவர் இடுக்குச் சாந்து, இவற்றுக்கு மட்டும் ஒரு சின்ன நிதியை ஒதுக்கி, இரண்டு பக்கப் படிவத்தோடு சில வாரங்களுக்குள் பதில் சொல்லுங்கள். அந்த வேலையில் புதுப் பார்வையாளர் கணக்கைக் கேட்காதீர்கள். மழை பெய்கிற நாட்டில் பழைய கல்சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உத்தரத்தை அரித்துவிடும். சுண்ணாம்புச் சாந்துதான் ஈரத்தை வெளியே விடும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஆகவே கொடுக்கும் பணத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேராவது தொழில் கற்றுக்கொள்ளட்டும். இல்லை என்று சொல்லும்போது நாலு வரிக் கடிதத்தோடு நிறுத்தாமல் அரை மணி நேரம் தொலைபேசியில் பேசுங்கள். எங்கே சறுக்கினோம் என்று தெரிந்தால் அடுத்த முறை உங்கள் நேரமும் மிச்சம். புது வீடு கட்டினால் வாட் வரி இல்லை, பழையதைச் செப்பனிட்டால் 20 சதவீதம் என்கிற அநியாயம் லண்டனில் தீர வேண்டியது. அது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். ஆனால் நீங்களும் சேர்ந்து சொன்னால் காதில் விழும்.

முடிவெடுப்பதற்கு முன்னால் நேரில் வாருங்கள். எங்களிடம் மட்டும் என்று இல்லை, பட்டியலில் கடைசியில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் போங்கள். வெயில் நாளில், முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் நாங்கள் தரையைத் துடைத்து வைத்திருப்போம், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மழை நாளில் வாருங்கள். எங்கள் மன்றத்தில் வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு மேல் எப்போது வந்தாலும் ஆள் இருப்பார்கள். பெரிய கதவு ஈரத்தில் உப்பியிருக்கிறது, திறக்க வராது. பக்கவாட்டுக் கதவைத் தட்டுங்கள். பதிவேட்டை மேசையில் எடுத்து வைத்திருப்பேன்.

அன்புடன்,
மன்றத்தின் கணக்கர்